கேழ்வரகுக் கடல்

ஈரத் துண்டை முறுக்கித் தன் தொடையிலேயே ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருக்கிறாள் பச்சையம்மாள். எதிரே ஸ்டூல் மேல் லேப்டாப். திரையில் ஒரு மீனவன் படகு முதலாளியைப் போட்டுப் புரட்டி எடுக்கிறான். பாவம், சத்தமே இல்லாமல் அடிக்கிறான். சத்தத்தை இவள் கொடுக்க வேண்டும். முதுகில் விழும் அடி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்துவிட்டது. கன்னத்து அறைதான் இன்னும் சரியாக வரவில்லை. துண்டை மறுபடி பக்கெட்டில் நனைத்துப் பிழிகிறாள்.

கீழே இருந்து வீட்டுக்கார அம்மா ரேணுகாம்பாளின் குரல் வருகிறது.

“ஏம்மா பச்ச, எத்தினி துணிதான் துவைப்ப? டேங்க்ல தண்ணி இருக்குதா இல்லியா?”

“துவைக்கலக்கா, அடிக்கிறேன்!”

“யார?”

“படகு முதலாளிய!”

பிறகு, “சரி, தண்ணிய பாத்து செலவு பண்ணு” என்ற சமாதானம் வருகிறது.

இதுதான் பச்சையம்மாளின் தொழில். சினிமாவில் ஒருவர் நடக்கும்போதும், சேலை சரசரக்கும்போதும், தட்டில் கரண்டி படும்போதும் நம் காதில் விழுவது பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிந்த சத்தம் இல்லை. பிற்பாடு யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அந்தந்த நொடியில் நடந்தும் தட்டியும் உரசியும் செய்து சேர்த்தது. பழைய சினிமாக்காரர்கள் இதை எஃபெக்ட்ஸ் என்பார்கள். படித்துவிட்டு வந்தவர்கள் ஃபோலி என்பார்கள். அவளுடைய அப்பா ஆதிமூலம் ‘சத்தம் பண்றது’ என்பார். “ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் சத்தம் பண்ணாம படிக்குதுங்க. எம் பொண்ணு படிச்சி முடிச்சிட்டு சத்தம் பண்ணுது” என்று டீக்கடையில் அவர் சொன்னது, பாதி ஊருக்கு மனப்பாடம்.

அறைக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு, இங்கே குடியிருக்கிறாளா, பழைய சாமான் வியாபாரம் செய்கிறாளா என்ற சந்தேகம் வரும். கிரிவலம் முடிந்த மறுநாள் பாதையோரம் அநாதையாகக் கிடக்கும் ஒற்றைச் செருப்புகள் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று, கதவே இல்லாமல் பலகையில் அறைந்து கிடக்கிறது. கம்பி வளைந்த குடையை வேகமாக விரித்து மூடினால் புறா பறக்கும். முருங்கைக்காயை முறித்தால் எலும்பு முறியும். முருங்கைக்காய் விலை ஏறிக் கிடக்கும் மாதங்களில், தன் படத்தில் யாருக்கும் கைகால் உடையாமல் இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள்.

கடல்தான் அவளுடைய பெருமை. மெழுகிய முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, மெல்லச் சாய்த்து, நிறுத்தி, மறுபடி இழுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அலை வந்து கரையில் படுத்துவிட்டுத் திரும்பிப் போகும். திருவண்ணாமலைக்குக் கடல் இல்லை என்ற குறையை அவள் ஒரு முறத்தில் தீர்த்துவைத்தாள். அந்த மீனவர் படத்தின் கடல் முழுவதையும் இப்படியே செய்து சென்னைக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்த கேழ்வரகை அரைத்துக் களி கிண்டிச் சாப்பிட்டாள்.

கல்லூரியில் அவள் பிடிக்க நினைத்தது கேமரா. குறும்படம் எடுக்கும்போது கேமராவைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். “நீ மைக்க புடிச்சிகினு நில்லு” என்று ஒரு கம்பையும் ஹெட்ஃபோனையும் இவளிடம் கொடுத்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டியவள் இன்றுவரை கழற்றவில்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்தாள். மகளிர் விடுதிக் கட்டணம் சம்பளத்தை முழுசாக விழுங்கியது. கொஞ்ச நாள் ஸ்டூடியோவின் சோபாவிலேயே படுத்தாள். கட்டடக்காரர் அதற்கும் பூட்டுப் போட்டார். மைக்கும் லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எந்த ஊரில் இருந்தும் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறித் திருவண்ணாமலை வந்து சேர்ந்தாள்.

சொந்த ஊர்தான், ஆனால் சொந்த வீட்டுக்குப் போகவில்லை. வீடு இருப்பது அடி அண்ணாமலையில். இவள் குடியிருக்கும் ரமணாசிரமம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால், உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். “வீட்டுக்கு வா. குரூப் எக்ஸாம் எழுது. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் இருக்குது, கரன்ட் போனாலும் சம்பளம் போவாது” என்றார் ஆதிமூலம். “ஸ்க்ரீன்ல என் பேரு வரட்டும், அப்பறம் வாசப்படி ஏறுறேன்” என்றாள் மகள். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. “வரும்போது வா” என்று திரும்பிக்கொண்டார். சொந்த வீடு இவ்வளவு கிட்டே இருக்கும்போது எதற்கு வாடகை என்று ரேணுகாம்பாள் ஒருநாள் கேட்டாள். “அங்க போனா சோறு போடுவாங்கக்கா. கைய கழுவறதுக்குள்ள அப்ளிகேஷனும் போடச் சொல்வாங்க” என்றாள் பச்சையம்மாள்.

அம்மா சந்திரம்மாள் மட்டும் தினம் போன் செய்வாள். அம்மா பேசுவதை விட, அம்மாவுக்குப் பின்னால் கேட்பதைத்தான் இவள் கவனிப்பாள். “அப்பா கொல்லையிலேர்ந்து வந்துட்டாரு போல, குழாய் சத்தம் கேக்குது” என்பாள். “கண்ண மூடிகினு உளவு பாக்கிறியா?” என்று அம்மா கோபிப்பாள். அவ்வளவுதான் அந்த வீட்டோடு அவளுக்கு இருக்கும் போக்குவரத்து.

ரமணாசிரமம் பக்கம் அறை கிடைப்பது கஷ்டமில்லை, அதில் தங்கியிருப்பதுதான் கஷ்டம். நாள் வாடகைக்கு வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போது மாத வாடகைக்காரியை யார் மதிப்பார்கள்? மொட்டை மாடித் தகர அறையைக் காட்டும்போதே ரேணுகாம்பாளின் கணவர் சக்கரபாணி தன் சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார். “பௌர்ணமிக்கு ரூம காலி பண்ணிடணும். தீபத்துக்கு பத்து நாளும் காலி பண்ணிடணும். மார்கழி, தை வெள்ளக்காரங்க சீசன், அப்ப பாத்துக்கலாம். மத்தபடி இத உங்க வீடு மாதிரி நெனச்சிக்கங்க.” இப்படி ‘உங்க வீடு மாதிரி’ இருந்த அறைகள் எத்தனை என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்குவாள், பாதியில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வாள்.

பௌர்ணமி வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லட்சம் பேரோடு மலையைச் சுற்றுவாள். படுக்க இடமில்லாதவளுக்கு இவ்வளவு பெரிய துணை வேறு எந்த ஊரில் கிடைக்கும்? சும்மா சுற்ற மாட்டாள். மைக்கைப் பையின் ஓரத்தில் தலைகீழாகச் செருகி வைத்துக் கால்களைப் பதிவாள். தார் ரோட்டில் நடக்கும் வெறுங்கால், மண்ணில் நடக்கும் வெறுங்கால், வலது குதிகால் வெடித்த கால், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் கால் என்று அவளிடம் ஒரு பொக்கிஷமே சேர்ந்திருக்கிறது. மீனவர் படம் அவளுக்கு வந்ததே இதனால்தான். படத்தில் ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. சாலிகிராமத்தில் ஒலி வடிவமைப்பு செய்யும் செழியன் இவளுடைய கால்களைக் கேட்டுவிட்டு முழு வேலையையும் கொடுத்தார். டைட்டிலில் அவள் பெயர் வரப்போகும் முதல் படம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஓர் அறையை விட்டுத் துரத்தப்படும்போது, சாமான் எல்லாம் வெளியேறிய பிறகு, அவள் மட்டும் உள்ளே போவாள். மைக்கை நடுவில் வைத்து, காலி அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துகொள்வாள். ஒவ்வோர் அறைக்கும் அதற்கென்று ஓர் அமைதி உண்டு, படத்தில் ஆட்கள் பேசாமல் இருக்கும் இடங்களில் அதைத்தான் விரித்துப் போடுவார்கள் என்பாள். எவ்வளவோ குறும்படங்களில் காதலர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இவள் காலி செய்த அறைகள்தாம். “என்னத் தொரத்தின வீட்டையெல்லாம் வேலை வாங்கிகினு இருக்கேன்” என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசிக் கடைசியில் செழியன் போன் செய்தார்.

“பச்சையம்மா, கடல் அருமையா இருக்கு. பின்னாடி யாரு பக்திப் பாட்டு போடறது?”

“பாட்டா? இல்லியே சார்.”

“சன்னமா கேக்குதும்மா. கடல் முழுக்க இருக்கு. காலடியிலயும் இருக்கு.”

“உங்க லைன்ல எதுனா கலந்திருக்கும் சார். என்கிட்ட சுத்தமாத்தான் இருக்கு.”

“படத்துல அந்த ஊர்ல மாதா கோயில் இருக்கும்மா!”

பச்சையம்மாள் சண்டைக்கே போய்விட்டாள். போனை வைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். கடல் மட்டும்தான் கேட்டது. மறுபடி கேட்டாள், அப்போதும் கடல்தான். தன் கட்சிக்குச் சாட்சி வேண்டும் என்று ரேணுகாம்பாளை மாடிக்குக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். ரேணுகாம்பாள் கொஞ்ச நேரம் கேட்டாள். அவளுடைய கண்கள் மூடின. இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன.

“நல்லா கேக்குதும்மா. நம்ம கிரிவலப் பாதை ஸ்பீக்கருதான், சிவ சிவான்னு. நடு நடுவுல எங்கியோ கடல் சத்தம் வருது.”

பச்சையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாதையோரம் பிறந்தவள் அவள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து காற்றில் வந்துகொண்டே இருக்கும் நாமத்தை அவள் காது எப்போதோ அமைதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் காதைக் கொடுப்பவளுக்கு இந்த அவமானம் தாங்கவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை, அம்மாவின் போனையும் எடுக்கவில்லை.

சென்னையில் அந்த நாமத்தை மட்டும் கழித்தெடுக்கப் பார்த்தார்கள். கூடவே கடலும் போனது. செழியன் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். “கார்த்திகை முடியறதுக்குள்ள மொத்தமும் திரும்ப வேணும். இல்லன்னா தயாரிப்பாளர் வேற ஆள வெச்சிப் பண்ணிப்பாரு. பேரும் அவங்க பேருதான் வரும்.”

“வேற ஆள் வேணாம் சார். நானே பண்றேன்.”

“உங்க ஊர்ல எங்க பண்ணுவ? தீபம் வருது. இனிமே சத்தம் ஜாஸ்திதான் ஆகும், கம்மி ஆகாது.”

“அது என் கவலை சார்.”

கவலைதான். போர்வைக்குள் புகுந்து பதிந்து பார்த்தாள். மர பீரோவுக்குள் உட்கார்ந்து பார்த்தாள். ரேணுகாம்பாளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னால், அவள் கை குவிந்துவிடும். போதாக்குறைக்கு சக்கரபாணி மாடியேறி வந்தார். ஆந்திராவிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது, கொடியேற்றத்துக்கு முன்பே அறை வேண்டும் என்றார். பச்சையம்மாள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். உறை போட்டு மூடிய சக்கரபாணியின் கார் நின்றது.

தீபத்துக்கு ஊருக்குள் வண்டிகளை விட மாட்டார்கள். அந்தச் சந்துகளில் கார் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவது வழக்கம். சக்கரபாணியின் கார் போவது அவலூர்ப்பேட்டை சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் அவருடைய மச்சான் சின்னசாமியின் வேர்க்கடலை நிலத்துக்கு. அங்கே நாமம் எட்டாது.

“ண்ணா, ரூம இன்னிக்கே வேணும்னாலும் விடறேன். தீபம் முடியற வரிக்கும் உங்க வண்டிய எங்கிட்ட குடுங்க.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“ஓட்ட மாட்டேன். உள்ள உக்காருவேன். காவலுக்கு ஆள் மிச்சம் உங்களுக்கு.”

சக்கரபாணிக்கு அதில் நஷ்டம் எதுவும் தென்படவில்லை. சரி என்று தலையாட்டினார்.

“இன்னொண்ணு. சீட்டு மேல இருக்கிற பிளாஸ்டிக்க பிரிக்கணும். சரசரங்குது.”

அதற்குத்தான் அவர் ஆடிப்போனார். கார் வாங்கி இரண்டு தீபம் பார்த்தாயிற்று. சொந்த மாமியார் கேட்டும் பிரிக்காத பிளாஸ்டிக் அது. பச்சையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆந்திராக்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். சக்கரபாணி தன் கையாலேயே பிரித்தார், பாவம்.

களியாகித் தீர்ந்துபோன கடலுக்குப் பதில் கேழ்வரகு வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாள். சந்திரம்மாள் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து சந்து முனையில் இறக்கிவைத்து, “கேவுரு எதுக்குன்னு உங்கப்பாவுக்குத் தெரியாது” என்றாள். மூட்டையின் வாய் இரட்டைச் சுருக்குப் போட்டு இறுகக் கட்டியிருந்தது. அந்த வீட்டில் அப்படிக் கட்டுகிறவர் ஒருவர்தான். பச்சையம்மாள் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள்.

இரவில் சின்னசாமி வீட்டுப் பெண்களோடு படுக்கை, பகலெல்லாம் காருக்குள் வேலை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின் சீட்டில் கடல் வைத்தாள். ஏசி போட்டால் அதன் சத்தம் விழும், அதனால் போடவில்லை. வியர்வை கண்ணில் இறங்க இறங்க அலையை இழுத்தாள். டிக்கியில் மணலைக் கொட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி, பாதங்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்து அதில் நடந்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சின்னசாமி பதறிப்போய் சக்கரபாணிக்கு போன் செய்தார்.

“மாமா, அந்தப் பொண்ணு வண்டிய சாத்திகினு ஈரத் துணியால தன்னத்தானே அடிச்சிக்குது!”

“அது படகு முதலாளிய அடிக்குது. நீ உன் வேலைய பாரு” என்றார் சக்கரபாணி. ரேணுகாம்பாள் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறாள்.

தன் காதை அவள் இந்த முறை நம்பவில்லை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் சின்னசாமியைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டி, “சாமி சத்தம் கேக்குதாண்ணா?” என்று கேட்டாள். “இல்லம்மா, கடல்தான். ஒருவாட்டி மைனா வந்துச்சு” என்பார். மைனா வந்த இடத்தை மறுபடி செய்தாள். மலையுச்சியில் தீபம் ஏறிய மாலையில் அந்த நிலத்திலிருந்தே சுடர் தெரிந்தது. வெளியே வந்து கும்பிட்டாள், திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலாளியின் கன்னத்து அறை பாக்கி இருந்தது.

எல்லாம் அனுப்பிய இரண்டாம் நாள் செழியன் கூப்பிட்டார். “கடல் வந்துடுச்சும்மா. யாரும் பாடல.” பிறகு, “டைட்டில்ல பேரு எப்படி போடறது? பச்சைன்னு மட்டும் போட்டா ஸ்டைலா இருக்கும்னு டைரக்டர் சொல்றாரு” என்றார்.

“முழுசா போடுங்க சார். ஆ. பச்சையம்மாள். இனிஷியல வுட்றாதீங்க.”

சொல்லி முடித்ததும் போனைச் சட்டென்று வைத்தாள்.

சின்னசாமி ஓட்டிவர, காரோடு அவள் ஊர் திரும்பும்போது, செருப்புக் கூடையும் தாழ்ப்பாள் பலகையும் பக்கெட்டும் படிக்கட்டில் வரிசையாக நிற்கின்றன. மாடி அறை வாசலில் பெரிய தோள்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். சக்கரபாணி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துப் பேசுகிறார்.

“சீசன் ஆரம்பிச்சிடுச்சும்மா. மாசி பொறந்ததும் வா, தாராளமா குடுக்கறேன். இப்பதான் படத்துல பேரு வருதாமே? உங்க வீட்டுக்கே போலாம் இல்ல?”

“படம் ரிலீஸ் ஆவட்டும்ண்ணா.”

“அதுவரிக்கும் எங்க இருப்ப?”

பச்சையம்மாள் பையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி, அந்தப் பெண்ணையும் தாண்டி உள்ளே போகிறாள். காலி அறையின் நடுவில் வைக்கிறாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்துகிறாள்.

“ஒரு நிமிஷம். யாரும் அசையாதீங்க.”

சக்கரபாணி சாவிக்கொத்து குலுங்காமல் இறுகப் பிடித்துக்கொள்கிறார். வெள்ளைக்காரப் பெண் பாதி இறக்கிய தோள்பையோடு அப்படியே நிற்கிறாள். படியேறி வந்த ரேணுகாம்பாள் ஒரு காலை மேல் படியில் வைத்தபடி மூச்சைப் பிடிக்கிறாள். தூரத்தில் பாதை ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கிறது. இன்று அது பச்சையம்மாளுக்கு நன்றாகவே கேட்கிறது. நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் இன்னும் கையை இறக்கவில்லை.